கேட்காமல் விட்ட துக்கம்

டிக்டிக், டிக்டிக் என்று அந்த இன்டிகேட்டர் லப்பக்கிலிருந்து ஹேல் சென்டர் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தின சத்தம். உமையாளின் பழைய பியூக் கார், உமையாள் ஓட்டுகிறாள், பக்கத்தில் கோமதி. இடது பக்கம் திரும்பப் போவதாக டெக்சாஸ் முழுவதற்கும் அறிவித்துக்கொண்டு, எங்கும் திரும்பாமல், பருத்திக் காட்டுக்கு நடுவே நேர் வடக்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சு மும்முரம் அப்படி. என்ன பேசினார்கள் என்பது போய்விட்டது, சத்தம் மட்டும் தங்கிவிட்டது. பாதி வழிக்கு மேல் போனபிறகு உமையாள் பேச்சை நிறுத்திக் காதைச் சாய்த்து, "என்ன கோமதி இது, காருக்குள்ள பல்லி கத்துது?" என்றாள். அப்புறம் கண்டுபிடித்து இருவரும் சிரித்த சிரிப்பில் காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. உமையாள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கினாள். இடது பக்கம் பார்த்தால் வெடித்த பருத்தி, வலது பக்கமும் அதே. அவ்வளவு வெள்ளைக்கு நடுவே, யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில் இரண்டு பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இது புதன்கிழமை, சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். லப்பக் வீட்டுச் சமையலறை மேஜையின் ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது, அங்கே கோமதி கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மீதி இடமெல்லாம் அட்டைப்பெட்டி. வெள்ளிக்கிழமை இரவு சியாட்டிலிலிருந்து மகள் வடிவு வருகிறாள். சனிக்கிழமை லாரி வந்து சாமான்களை ஏற்றும், அன்றைக்கே காரை வாங்கியவனும் வந்து எடுத்துக்கொண்டு போவான். ஞாயிறு காலை விமானம். அதற்குமேல் மகள் வீட்டு மாடியறை, ஓயாத மழை. ஆகவே ப்ளெயின்வியூவுக்குப் போய் உமையாளைப் பார்ப்பதென்றால் நாளைக் காலைதான். நாளை போகவில்லை என்றால் இனிமேல் இல்லை. எழுபத்திரண்டு வயதில் 'இனிமேல் இல்லை' என்பதற்கு அந்த வார்த்தைகளின் அர்த்தம் மட்டும்தான், அலங்காரம் எதுவும் இல்லை. வழி ஒன்றும் பெரிய வழியில்லை. கராஜிலிருந்து பின்னால் எடுத்து, தெருமுனையில் நின்று, வலது பக்கம் திரும்பினால் மளிகைக்கடை வரைக்கும் கார் தானாகவே போய்விடும், கோயில் மாடு மாதிரி. கடைக்கு அப்புறம் இரண்டு சிக்னல். பெட்ரோல் பங்க். மெத்தைக் கடை. அதைத் தாண்டினால் ராம்ப், நெடுஞ்சாலைக்கு ஏறுகிற சரிவு. மனசு வழியெல்லாம் சரளமாக ஓட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மறுபடியும் கராஜிலிருந்து எடுக்கிறாள். தெருமுனை, மளிகைக்கடை, சிக்னல், சிக்னல், மெத்தைக் கடை. நின்றுவிடுகிறது. நின்றதுதான் அன்றைக்கும் தப்பாகப் போனது. உமையாள்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள், ஒரு சர்ச்சின் காலி கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு தவிர்த்த நாட்களில். நிறுத்தவும் திரும்பவும் பின்னால் எடுக்கவும் எல்லாம் வந்துவிட்டது. "இன்னைக்கு மேல ஏறிப் பாத்துருவோம்" என்று ஒருநாள் ராம்ப்புக்குக் கூட்டிவந்தாள். "மிதி, மிதி கோமதி, அவன் வேகத்துக்கு நீயும் போகணும், யோசிக்காதே" என்கிறாள் உமையாள். கோமதியோ யோசிக்கவே பிறந்தவள், பாளையங்கோட்டையில் இலக்கியம் படித்தவள், காலை எடுத்துப் பிரேக்கில் வைத்துவிட்டாள். பின்னால் மாட்டு லாரி ஒன்று. அந்த ஹாரன் முதுகெலும்பு வழியாக ஏறியது. லாரி உரசினாற்போல விலகிப் போனபோது உள்ளேயிருந்து மாடுகளின் மூக்குகள் தெரிந்தன, ஈரமாக, கம்பி இடுக்கில். உமையாள் திட்டவில்லை. "இறங்கி இங்கிட்டு வா" என்று மட்டும் சொல்லி இடம் மாறிக்கொண்டாள். அதற்கப்புறம் கோமதி நெடுஞ்சாலையில் ஏறியதே இல்லை. "அதனால என்ன, நான் இருக்கேம்லா" என்றார் கணவர் சண்முகசுந்தரம். அவர் இருந்தார். ஒன்று விட்டு ஒரு ஞாயிறு அவர் ஓட்ட, இவள் பக்கத்தில் மடியில் தூக்குவாளியோடு, ப்ளெயின்வியூ. அடுத்த ஞாயிறு அவர்கள் இங்கே. 'நான் இருக்கேம்லா' என்பது ஒரு வாகனம் என்று அப்போது தெரியவில்லை. அதில்தான் அத்தனை வருஷமும் போய்வந்திருக்கிறாள்.

சர்வீஸ் ரோடு என்ற எண்ணம் மத்தியானம் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றும்போதுதான் வந்தது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே, வேலைக்காரப் பிள்ளை மாதிரி, சத்தம் போடாமல் கூடவே வருகிற ரோடு. பண்ணைக்காரர்கள் டிராக்டரை அதில்தான் கொண்டு போவார்கள். மேலே ஏறவே வேண்டாம். மெதுவாக, ஓரமாக, நியூ டீல், அபர்நேத்தி, ஹேல் சென்டர் என்று ஒவ்வொரு ஊராக விசாரித்துக்கொண்டு போவது போலப் போகலாம். முக்கால் மணி நேர வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகட்டுமே, யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஃபோனில் வழி சொல்கிற பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. கோமதி ஒத்திகை பார்க்கலாமென்று அவளை இரண்டு தரம் கேட்டாள். நெடுஞ்சாலையில் சேரவும், நெடுஞ்சாலையில் சேரவும் என்று மாமியார் மாதிரி ஒரே பிடியாக நின்றாள். அவளை அணைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதிலும் ஒரு பயம் இருக்கிறது. மேலேயிருந்து இறங்கி வருகிறவனுக்கு சர்வீஸ் ரோட்டில் போகிறவன் வழிவிட வேண்டும், அவன் சரிவில் எழுபது மைல் வேகத்தில் வந்து குறுக்கே பாய்வான். அங்கங்கே எதிரிலும் வண்டி வரும். இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும், கழுத்தோ இப்போதெல்லாம் ஒரு பக்கம்தான் திரும்புகிறது. சரி, கழுத்து திரும்பாவிட்டால் உடம்பைத் திருப்புவது. இதையெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கலாமே என்று ஒரு குரல். யோசித்திருந்தால் டாக்டர் அண்ணன் போன மறுநாளே போயிருக்கலாம். அந்த இடத்தில் ராம்ப்பை விடப் பெரிதாக ஒன்று நிற்கிறது. மனசு அங்கேயும் பிரேக்கை மிதிக்கிறது.

டாக்டர் அண்ணன் என்றால் உமையாளின் புருஷர், சொக்கலிங்கம். ப்ளெயின்வியூவில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ஊர்க்காரர்கள் 'டாக்டர் சாக்' என்பார்கள். அவர் ஒரு ஜனவரியில் தூக்கத்திலேயே போனார். செய்தி வந்தபோது சண்முகசுந்தரத்துக்கு நெஞ்சை அறுத்து மூடி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இருமினாலே தலையணையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் ஓட்ட முடியாது, இவளுக்கு நெடுஞ்சாலையில் ஓட்ட வராது. வேறு யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போயிருக்கலாம்; அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? "ஃபோன்ல பேசேன்" என்றார் அவர் படுத்தபடி. கோமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. உமையாளிடம், ஃபோனில், துக்கமா? துக்கம் கேட்கிறதென்றால் போகவேண்டும். சொல்லாமல் போகவேண்டும், சொல்லாமல் திரும்பவேண்டும். போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிடும், உள்ளேயிருந்து அவள் எழுந்து வருவாள், கட்டிக்கொண்டு அழவேண்டும். அதற்கு அப்புறம்தான் வார்த்தை. தூரத்து உறவு என்றால் ஃபோனில் இரண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்ளலாம். நெருக்கம் என்பதாலேயே ஃபோன் முடியாது. "நான் எழுந்து நடமாடினதும் முத வேலையா அங்கதான் போறோம்" என்றார் அவர். பிப்ரவரியில் பனி. மார்ச்சில் அவருக்குப் புண்ணில் சீழ். ஏப்ரலில் இதே மாதிரிக் காற்று. ஒவ்வொரு வாரமும் துக்கம் கேட்காத கடன் ஒரு பிடி கனத்துக்கொண்டே போனது. போகாமல் எப்படி ஃபோன் பண்ணுவது, ஃபோன்கூடப் பண்ணாதவள் எந்த முகத்தோடு போவது, என்று ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு சுற்றியது. அங்கிருந்தும் ஃபோன் வரவில்லை. அங்கிருந்து எப்படி வரும்? துக்கத்தில் இருக்கிறவளா கூப்பிட்டு, ஏன் என்னை வந்து கேட்கவில்லை என்று கேட்பாள்?

செப்டம்பரில் சண்முகசுந்தரம் போய்விட்டார். காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு, "கோமதி, சன்னலைத் திற" என்றார். திறந்துவிட்டுத் திரும்பினால் இல்லை. அன்றைக்கு வடிவுதான் எல்லாவற்றையும் செய்தாள். தமிழ்க் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள், ஊரிலிருந்த அத்தனை பேரும் வந்தார்கள். தகனம் செய்கிற இடத்துக்கு வரிசையாகப் போன கார்கள் எல்லாம் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. அப்போதுதான் அதைப் பார்த்தாள். எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டி நின்றன. இந்த ஊர் வழக்கம் அது; இறுதி ஊர்வலம் போனால், அது யாருடையதாக இருந்தாலும், எதிரில் வருகிறவன் நின்றுவிட வேண்டும். கேள்விப்பட்டிருந்தாள், தான் உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. சின்ன லாரி ஒன்றிலிருந்து ஒருவன் இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, வெயிலில், புழுதியில், இவளுடைய கார் கடந்து போகிறவரை நின்றான். வழுக்கைத் தலை. அவன் யாரோ. அவன் கேட்டுவிட்டான். பெயர் தெரியாத ஒருவன் கேட்டுவிட்ட துக்கத்தை உமையாள் வந்து கேட்கவில்லையே என்று அந்தக் கார் சன்னலுக்குப் பின்னால்தான் முதல் முதலில் தோன்றியது. அப்புறம் அது நகரவே இல்லை. ஒரு நாள் பழிக்குப் பழி என்று நினைத்தாள். ஒரு நாள், இல்லை, தாலி இழந்து வருஷம் திரும்பாதவள் இன்னொரு துக்க வீட்டில் கால் வைக்கக்கூடாது, அவள் முறை தவறாதவள் என்று சமாதானம் செய்துகொண்டாள். வருஷம் திரும்பியது. வரவில்லை. ஒரு சங்கதி மட்டும் நடு இரவில் விழிப்பு வந்தால் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும். அன்றைக்கு வடிவு கேட்டாள், "உமையாள் ஆன்ட்டிக்கு நீ தனியா சொல்றியா அம்மா?" என்று. கோமதி தலையை ஆட்டினாள், ஆமென்றும் இல்லையென்றும் இல்லாமல். அவள் துக்கத்தைக் கேட்காத வாயால் என் துக்கத்தைச் சொல்வது எப்படி? குழுவில் போட்டாயிற்று, தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

கதவு தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு டார்லீன். காலிப் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தாள். சண்முகசுந்தரம் இறந்த வாரம் மூன்று விதமாகக் கோழியும் நூடுல்ஸும் பேக் செய்து கொண்டுவந்து, கோமதி கோழி சாப்பிடமாட்டாள் என்று தெரிந்ததும் தானே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அழுதவள். "நாளைக்குக் காலையிலே ப்ளெயின்வியூ போகிறேன்" என்று கோமதி சொல்லிவிட்டாள், யாரிடமாவது சொன்னால் நிஜமாகும் என்பது போல. "நீ ஓட்டிக்கொண்டா?" "ஆமாம்." டார்லீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஹனி, அந்த ரோட்டில் என்ன இருக்கிறது ஓட்டுவதற்கு? ஸ்டியரிங்கை வடக்கே பார்க்கக் கட்டிவிட்டுப் பின் சீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஒரு வளைவு கிடையாது" என்றாள். "சர்வீஸ் ரோட்டிலேயே போகலாமென்று." "ப்ளெயின்வியூ வரைக்குமா? போய்ச் சேரும்போது பருத்தி முளைத்திருக்கும்." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "மதியத்துக்குள் திரும்பிவிடு. தூசிக் காற்று வருகிறதாம்" என்றாள். கதவைச் சாத்தியபிறகுதான், என்னத்துக்குப் போகிறாய் என்று டார்லீன் கேட்கவில்லை என்பது கோமதிக்கு உறைத்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? என் சிநேகிதியின் கணவர் இறந்துவிட்டார், விசாரிக்கப் போகிறேன். ஓ, எப்போது? மூன்று வருஷமாயிற்று. இங்கிலீஷில் சொன்னால் எவ்வளவு பைத்தியமாக இருக்கிறது. தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். தமிழிலும் அப்படித்தான் இருந்தது.

வடிவு கூப்பிட்டபோது அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. "அம்மா, கார் பேப்பர்ஸ் எல்லாம் எடுத்து வச்சியா?" "வச்சாச்சு. நாளைக்கு வண்டிய ஒரு வேலையா எடுக்கேன்." "எங்க?" சொன்னாள். "ஹைவேலயா? அம்மா, நீ காஸ்ட்கோ கடைக்குப் போறதுக்கே ரெண்டு நாள் யோசிப்ப." "அதனாலதான் முன்கூட்டியே யோசிக்கேன்." "ஜஸ்ட் ஒரு ஃபோன் பண்ணு ஆன்ட்டிக்கு. இல்ல வீடியோ கால். நான் செட் பண்ணித் தரேன்." "வீடியோவுல துக்கம் கேக்கதா, ஏட்டி? அவ மூஞ்சி அந்தால நிக்கும், என் மூஞ்சி இந்தால உறைஞ்சு நிக்கும், சவுண்டு வரலன்னு ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருப்போம்." "சரி, ஊபர் போட்டுத் தரேன்." "ஊபர்ல போயிக் கட்டியழுதா அவன் வெளிய மீட்டர் போட்டுட்டு நிப்பானா?" வடிவு சிரித்துவிட்டாள். அப்பாவின் சிரிப்பு, மூக்கால் வருகிறது. "சாட்டர்டே லாரி போனப்புறம் டைம் இருந்தா நான் கூட்டிட்டுப் போறேன், பாக்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையில் மட்டும் வடிவு முழுத் தமிழச்சி. கடைசியில், "அம்மா, அவங்களும்தான் அப்பாக்கு வரல. நீ மட்டும் ஏன் இவ்ளோ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், "ப்ளீஸ் ஜாக்கிரதை" என்று வைத்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகிப்போன வாசனை. துடைத்தாள். நீ மட்டும் ஏன் இவ்வளவு. துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

ஏனென்றால் இவ்வளவு பெரிய தேசத்தில் அந்த ஒரு வீட்டுக் கம்பளத்தில்தான் அவள் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். ஆண்கள் இரண்டு பேரும் வெளியே புகையில் கறியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால். உள்ளறையில் குளிர்காற்று வருகிற ஓட்டைக்கு நேர் கீழே தலையணையைப் போட்டுக்கொண்டு இவர்கள் இருவரும். கப்பலில் இரண்டு மாதம் பழையதாகி வருகிற வாரப் பத்திரிகையை உமையாள் வாசிப்பாள். சத்தமாக, தொடர்கதையில் ஆண் குரல் பெண் குரல் மாற்றி மாற்றி. கோமதி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிடிக்காத இடத்தில் உமையாள் நிறுத்திவிட்டுத் தானே வேறு மாதிரி சொல்வாள். "இப்பிடி எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்பாள். ஆமாம் ஆச்சி என்பாள் கோமதி. முதல் நாள் இவள் 'ஆச்சி' என்றதை உமையாள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள், அவர்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எங்க திருநெல்வேலில ஆச்சின்னா பாட்டி" என்று கோமதி பிறகு சொன்னபோது, "அடி ஆத்தி, முப்பத்தாறு வயசுல என்னைக் கிழவியாக்கிப்பிட்டியே" என்று தலையணையால் அடித்தாள். நாலு வயதுதான் மூத்தவள். அவள் வாசிக்கும்போது குரலில் ஒரு சின்னப் பிசிறு இருக்கும், புதுச் சேலையை முதல் தடவை மடிப்பு விரிக்கிற மாதிரி. அந்தப் பிசிறைக் கேட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணவனுக்கு ஏங்குவதைச் சொல்ல வார்த்தைகள் இருக்கின்றன, யாரும் தலையை ஆட்டி ஒத்துக்கொள்வார்கள். இதற்கு என்ன பெயர் சொல்வது? நாளைக்கு அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். அழைப்பு மணியை அழுத்துகிறாள். உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறக்கிறது. அப்புறம்? மூன்று வருஷத்துக்குப் பிறகு கட்டிக்கொண்டு அழ முடியுமா, இல்லை, சோபாவில் உட்கார்ந்து, வெயில் ஜாஸ்தி இல்லையா என்று ஆரம்பிக்கவேண்டுமா? யார் யாரை முதலில் கேட்பது? இவள் அவளையா, அவள் இவளையா? இரண்டு பேரும் ஒரே மிதியடியின் மேல் நின்றுகொண்டு, இரண்டு பேரும் கேட்கப்படவேண்டியவர்களாக, இரண்டு பேரும் கேட்காதவர்களாக. உமையாள் கதவைப் பாதி திறந்தபடி, யாரு என்று கேட்டுவிட்டால்? தெரிந்தே கேட்டுவிட்டால்? மறுபடியும் கராஜிலிருந்து எடுக்கிறாள். தெருமுனை, மளிகைக்கடை, சிக்னல், சிக்னல்.

ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சியில் வானிலைக்காரன் வந்தான். லப்பக்கிலிருந்து வடக்கே அத்தனையையும் ஒரு பழுப்பு நிறத்தால் பூசிக் காட்டினான். காலையிலேயே ஆரம்பித்துவிடுமாம். மணிக்கு ஐம்பது மைல் காற்று, உழுத பருத்திக் காட்டு மண் முழுக்க எழும்பி வரும், எதிரே வருகிற வண்டி தெரியாது, அவசியமில்லாமல் யாரும் கிளம்பவேண்டாம் என்றான். அவசியமில்லாமல். கோமதி எழுந்துபோய்ச் சன்னல் வழியாகப் பார்த்தாள். வேலிக்கு மேலே வடக்குப் பக்கம் வானத்தின் அடிவிளிம்பு தேநீர்க் கறை மாதிரி இருந்தது. மனசில் ஒரு ஓரத்தில் நிம்மதி, பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட பிள்ளைக்கு வருகிற மாதிரி. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் பயந்துபோனாள். இப்படித்தானே பனிக்குச் சந்தோஷப்பட்டோம், சீழுக்குக்கூட உள்ளூர ஒரு சாக்கு கிடைத்தது என்று இருந்தோமா என்ன? இல்லை, அப்படி இல்லை, அப்படி இருந்திருக்க முடியாது. கை சமையலறைச் சுவரிலிருந்த பழைய ஃபோனை எடுத்துவிட்டது. வடிவு துண்டிக்கச் சொல்லி இன்னும் துண்டிக்காத ஃபோன். எண் ஞாபகம் இல்லை, விரலுக்கு இருந்தது. முறை தவறுகிறோம் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டு நின்றாள். நிறைய நேரம் அடித்தது. வைத்துவிடலாம் என்றபோது எடுத்தார்கள். அங்கே ஏதோ உருண்டு விழுந்தது.

"ஹலோ?" பிசிறு அப்படியே இருந்தது. கோமதிக்குச் சேர்த்து வைத்திருந்த எல்லா வார்த்தையும் போய்விட்டது. "ஆச்சி, அங்க காத்து எப்படி இருக்கு?" என்றாள்.

"காத்தா?" என்றாள் உமையாள். "இங்கே எப்பவும் அடிக்கிற காத்துதான். மூணு வருசமா அடிக்குது. உங்க ஊரு வானிலை நிலையத்துக்கு இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சாக்கும்?" "ஆச்சி..." "பேசாதே. அவுக போயி ஒரு குரல் வரலை. ஊரெல்லாம் வந்துச்சு, இந்த ஊரு வெள்ளைக்காரிகளெல்லாம் கேக்கைத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்திருந்தாளுக. எனக்கு வாசல்லயே கண்ணு. கோமதி வருவா, கோமதி வருவான்னு." "அவுகளுக்கு அப்ப ஆப்பரேசன் ஆச்சி. வர முடியலை. ஃபோன்ல கேக்கப்படாதுன்னு..." "ஃபோன்ல கேக்கப்படாது, அது எனக்கும் தெரியும். அதனாலதான் நானும் வைராக்கியமா இருந்தேன். இப்ப மட்டும் ஃபோன்ல என்னாத்துக்கு?" குரல் உடைந்து, தானாகவே சரியாகி, பழைய கேலிக்குத் திரும்பியது. "சரி விடு. நீ எங்கே ஓட்டிக்கிட்டு வரப் போறே, மாட்டு லாரி நிக்கிற தேசத்துல. தம்பிக்கு உடம்பு தேவலையாயிருச்சா இல்லையா? தம்பிட்ட ஃபோனைக் குடு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து சேருங்கன்னு நான் சொல்றேன்."

கோமதி சுவரில் சாய்ந்தாள். குழுவில் அந்த வீட்டின் எண் என்று இருந்தது டாக்டர் அண்ணனுடைய செல்ஃபோன். அது அவரோடு நின்றுபோயிருக்கும். மற்றவர்களோ, உமையாளுக்கு முதலில் தெரிவித்திருப்பவள் கோமதிதான் என்று நினைத்து விட்டிருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக வரவில்லை வரவில்லை என்று இவள் எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி வேண்டுமென்று வராமல் இருக்கவே இல்லை. அவளுக்குத் தெரியாது. "அவுக இல்லை ஆச்சி" என்றாள். "எங்கே போயிட்டாக?" "தவறிட்டாக. அண்ணன் போன அதே வருசம், செப்டம்பர்ல." அப்புறம் அழுகை, ஃபோனை வாயிலிருந்து எடுக்காமல், குரலெடுத்து, முறைப்படி வாசலில் அழவேண்டிய அழுகை. கோமதியும் அழுதாள். சுவர் ஃபோனின் சுருள் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "ஒரு சொல்லு சொல்லலையேடி எனக்கு" என்றாள் உமையாள் நடுவில். "ஒரு சொல்லு."

பிறகு மூக்கைச் சிந்தினாள். கோமதி, "நாளைக்குக் காலையில வாரேன் ஆச்சி. காத்து எழும்புறதுக்கு முன்னால. சர்வீஸ் ரோட்டுலயே வந்திருதேன்" என்றாள். "நீ வராதே" என்றாள் உமையாள், சட்டென்று, பெரியவள் குரலில். "நான்தான் வரணும். பின்னாடி விழுந்த துக்கத்தைத்தான் முன்னாடி கேக்கணும். தம்பிக்கு நான் வந்து கேக்காம நீ என் படியேறலாமா? நான் காலையில..." என்று பேசிக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்றாள். வெளியே சன்னல் கம்பி வலையில் முதல் மணல் பொடி விழுகிற சத்தம். "எப்படி வருவீங்க ஆச்சி?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான் எங்கிட்டு வர்றது" என்றாள் உமையாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. அப்புறம் சொன்னாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.